மண் வாடை போக மூன்று நாள்

1

நாங்கள் அமெரிக்கா வந்து எட்டு வருடம் நிறைந்த ஞாயிற்றுக்கிழமை என் மகள் ரீனா கேக் வாங்கி வந்தாள். வருடா வருடம் செய்வதுதான். பதினைந்து வயதாகும் அவளுக்கு இதுதான் ஊர், அதனால் அந்த நாளைப் பிறந்தநாள் மாதிரி கொண்டாடுவாள். நானும் எஸ்தரும் பக்கத்தில் நின்று கைதட்டுவோம். இந்த முறை எஸ்தர் ஒரு துண்டை வாயில் வைத்தாள், கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள், பிறகு கைக்குட்டையில் துப்பிவிட்டாள். துருப்பிடித்த ஆணியைச் சப்புகிற மாதிரி இருக்கிறது என்றாள்.

எஸ்தர் என் மனைவி. அவளுக்குத் தொண்டையில் புற்று. வாரத்தில் ஐந்து நாள் கழுத்துக்குக் கதிர் வைக்கிறார்கள். நான்காவது வாரத்தில் நாக்கு செத்துப்போனது. இட்லி, ரசம் சாதம், தயிர், வாழைப்பழம் எல்லாமே ஆணிதான். எதையும் விழுங்கினால் வலி வேறு.

மறுநாள் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். நர்ஸ் தொண்ணூற்றைந்து பவுண்டு என்றாள். நான் அதை மனதுக்குள் கிலோவாக மாற்றி, நாற்பத்து மூன்று என்று தெரிந்த பிறகுதான் பயந்தேன். எட்டு வருடமாகியும் எடையும் தூரமும் வெயிலும் எனக்கு ஊர் அளவில்தான் உறைக்கும். அடுத்த திங்களுக்குள் இன்னும் மூன்று பவுண்டு இறங்கினால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய அத்தை வாலாஜாபாத்தில் அப்படி ஒரு குழாயோடு ஏழு மாதம் கிடந்து போனவர். குழாய் வைத்தால் திரும்ப எடுக்க மாட்டார்கள் என்பது அவள் மனதில் பதிந்துவிட்டது.

காரில் திரும்பும்போது, என்னதான் வேண்டும், எதைச் சொன்னாலும் கொண்டுவருகிறேன் என்றேன்.

"கெளுத்தி மீன் கொழம்பு வேணும்பா," என்றாள்.

மூன்று வாரத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட ஒரே சாப்பாடு அது. எனக்கு ஏழு நாள் இருந்தது.

2

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் தெற்கே, பருத்திக் காடுகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த என்னை, இங்கே இருக்கும் கிளைக்கு இரண்டு வருடத்துக்கென்று அனுப்பினார்கள். இரண்டு எட்டாகிவிட்டது. இந்தப் பக்கத்தில் கெளுத்திக்குப் பஞ்சமே இல்லை. உணவு விடுதிக்கு உணவு விடுதி பொரித்து வைத்திருப்பார்கள். அதனால் அன்று சாயங்காலமே கடைக்குப் போய் உறைய வைத்த கெளுத்தித் துண்டுகளை வாங்கிவந்து குழம்பு வைத்தேன். முள்ளில்லை, தோலில்லை, தலையில்லை. வெள்ளைக்காரத் துண்டு. எஸ்தர் ஒரு வாய் வைத்துவிட்டு, ரப்பர் என்று மட்டும் சொன்னாள். அவளைக் குறை சொல்ல முடியாது, நானும் சாப்பிட்டுப் பார்த்தேன்.

உயிர் மீனாகப் பிடித்தால்தான் உண்டு என்று செவ்வாய்க்கிழமை மீன்பிடி உரிமம் வாங்கப் போனேன். இங்கே குளத்தில் தூண்டில் போடவும் அரசாங்க அட்டை வேண்டும். கவுண்டரில் இருந்த பெண் நல்லவள்தான். என் ஓட்டுநர் உரிமத்தைக் கேட்டாள். விசா நீட்டிப்பு பதினொரு மாதமாகக் கிடப்பில் இருப்பதால் எனக்கு அட்டை கிடையாது, தற்காலிகக் காகிதம்தான். காகிதத்தில் இருக்கும் எண்ணை அவளுடைய கணினி ஏற்கவில்லை. மூன்று முறை தட்டிப் பார்த்தாள். நீங்கள் இந்த மாநிலத்தில் வசிக்கிறவர் என்று கணினிக்குத் தெரியவில்லை என்றாள். எட்டு வருடமாக வரி கட்டுவது தெரிகிறதா என்று கேட்க நாக்கு வரை வந்தது. எங்கள் மாதிரி ஆட்கள் எந்தக் கவுண்டரிலும் அப்படிப் பேசுவதில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன். காரில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைக் கையால் குத்தினேன். ஹாரன் அடிக்க, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசியில் உதவியது ராய். இந்த ஊர்க்காரர், என்னோடு பராமரிப்புப் பிரிவில் இருப்பவர், ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. ஊருக்கு வெளியே அவருக்கு வீடும் வீட்டுக்குப் பின்னால் சொந்தக் குளமும் உண்டு. என் குளத்தில் உன்னிடம் எவன் அட்டை கேட்பான் என்றார்.

3

கெளுத்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது சேற்றில் கிடக்கும் மீன். பிடித்த கையோடு சமைத்தால் குழம்பில் சேறு மணக்கும். அதைப் போக்குவதற்கு ஒவ்வொருவருக்கும் ஒரு வழி.

காஞ்சிபுரத்துக்கு அருகே, கூரத்துப் பக்கம் எங்கள் கொல்லையில் பம்புசெட்டும் சிமெண்டுத் தொட்டியும் இருந்தன. ஏரியிலிருந்து கெளுத்தி வந்தால் அந்தத் தொட்டியில் மூன்று நாள் விடுவோம். தீனி போடக் கூடாது. காலையும் மாலையும் மோட்டார் போட்டுப் புதுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். முதல் நாள் தண்ணீர் கலங்கும், இரண்டாம் நாள் குறையும், மூன்றாம் நாள் அடியில் இருக்கும் சிமெண்டு தெரியும். வயிற்றில் இருப்பதெல்லாம் போய், சதையில் இருக்கும் மண் வாடையும் போய்விடும். அப்புறம்தான் அம்மா அரிவாள்மணையை எடுப்பாள். கல் உப்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, வழவழப்பெல்லாம் உரித்து, மஞ்சளும் எலுமிச்சையும் தடவி வைப்பாள். எங்கள் வீட்டுக் கெளுத்தி விரால் மாதிரி இருக்கும் என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

கல்யாணமாகி நானும் எஸ்தரும் காஞ்சிபுரத்தில் குடியிருந்தபோது எங்களுக்குத் தொட்டி இல்லை. தறி போட்டிருந்த வீட்டின் மாடியில் குடியிருந்தோம். வீட்டுக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். மீன் சமைக்கலாம், ஆனால் சனிக்கிழமையில் மட்டும் வேண்டாம் என்பது அவர் நிபந்தனை. ஒரு முறை அம்மா வந்திருந்தபோது பிளாஸ்டிக் டப்பில் எப்படித் தண்ணீர் மாற்றுவது என்று எஸ்தருக்குக் காட்டிவிட்டுப் போனாள். எஸ்தர் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கெளுத்திக்கு மூன்று நாள்.

ராயின் வழி வேறு. அவர் பிடித்த உடனே ஐஸில் போட்டு மயங்கவைத்து, வாலுக்கு மேலே ஒரு வெட்டு வெட்டி, வால் கீழே இருக்கத் தொங்கவிடுவார். ரத்தம் முழுக்க வடிய வேண்டும். பிறகு குறட்டால் தோலை உரித்து, விலாவில் ஓடும் சிவப்புச் சதையையும் வயிற்று மஞ்சள் கொழுப்பையும் சீவி எறிவார். சேற்று வாடை இருப்பதே அந்தச் சிவப்பில்தான் என்பது அவர் கட்சி. இரண்டையும் சேர்த்துச் செய்தால் உலகத்திலேயே நல்ல கெளுத்தி இதுதான் என்று எனக்குத் தோன்றியது. மனிதனுக்குப் பயம் வந்தால் கையில் ஒரு செய்முறை வேண்டும் போலிருக்கிறது.

4

புதன்கிழமை சாயங்காலம் கோழி ஈரலைத் தூண்டிலில் மாட்டி ஐந்து மீன் பிடித்தேன். உயிரோடு வாளியில் கொண்டுவந்தேன். எங்கள் அடுக்குமாடி வீட்டில் ஒரே குளியலறை. அதிலிருந்த குளியல் தொட்டியைச் சோப்பில்லாமல் தேய்த்துக் கழுவி, குழாயைத் திறந்து நிரப்பி, மீன்களை விட்டேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. எங்கள் பம்புசெட்டில்கூட இவ்வளவு தெளிந்த தண்ணீர் வந்ததில்லை.

ரீனா கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு எப்படிக் குளிப்பது என்று கேட்டாள். வாளியில் மொண்டு ஊற்றிக்கொள், நாங்களெல்லாம் அப்படித்தான் குளித்தோம் என்றேன். அவள் பை எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்குப் போனாள். போகும்போது, "இது நார்மல் இல்லப்பா. அம்மாவுக்கு வேண்டியது டாக்டர், மீன் இல்ல," என்றாள். தமிழில்தான் சொன்னாள். அதனால் இன்னும் கொஞ்சம் வலித்தது.

காலையில் ஐந்தும் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவன் செய்யும் தப்பு அது. இந்த ஊர்க் குழாய்த் தண்ணீரில் கிருமி சாக மருந்து கலக்கிறார்கள். மனிதனுக்கு ஒன்றும் ஆகாது, மீனுக்கு விஷம். எங்கேயோ படித்திருக்கிறேன். தொழிற்சாலையில் குளிரூட்டும் இயந்திரத்துக்கு விடுவதற்கு முன் அந்த மருந்தை எடுக்கும் வடிகட்டியை மாதாமாதம் மாற்றுவதே நான்தான். ஆனால் தொட்டி, கெளுத்தி என்றதும் என் கை கூரத்துக்குப் போய்விட்டது. ரத்தம் வடிக்காமல் செத்துக் கிடந்த மீன் சமையலுக்கு ஆகாது. ஐந்தையும் கறுப்புப் பையில் கட்டினேன். எஸ்தர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தாள். அன்றைக்கு அவள் சாப்பிட்டது அரை டம்ளர் கஞ்சி.

வியாழன் சாயங்காலம் மறுபடியும் குளம். இந்த முறை ராய் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஆறு கேனில் பிடித்துக் காரில் ஏற்றினேன். மூன்றாவது மாடிக்கு ஆறு கேனையும் தூக்கினேன். வெள்ளி சாயங்காலம் இன்னொரு ஆறு. மூன்று நாள் வைக்க நேரமில்லை, இரண்டு நாள் போதும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். கதிர் அறைக்கு வெளியே காத்திருக்கும்போதும் நான் மீனைத்தான் நினைத்தேன். அவளை நினைத்தால் அழுகை வந்தது, மீனை நினைத்தால் வரவில்லை.

5

சனிக்கிழமை மதியம் மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன, தண்ணீர் தெளிந்திருந்தது. ராய் சொன்னபடி ஐஸ், வெட்டு, தொங்கல். அவர் கறி வாட்டும் அடுப்பிலிருந்து வாங்கிவந்த விறகுச் சாம்பலும் கல் உப்பும் போட்டு அம்மா மாதிரி தேய்த்தேன். பிறகு தோலை உரித்து, சிவப்புச் சதையை ஒரு இழை விடாமல் சீவினேன். எலுமிச்சை உப்புத் தண்ணீரில் அரை மணி ஊறவைத்துக் குழம்பு வைத்தேன். சதை பூ மாதிரி உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தேன், மண் வாடை என்பதே இல்லை.

எஸ்தருக்கு மசித்து ஊட்டினேன். ஒரு வாய் விழுங்கினாள். இரண்டாவது வாய்க்குக் கையைத் தடுத்தாள்.

"நல்லாத்தான் இருக்குது. மெத்துன்னு இருக்குது," என்றாள். தண்ணீர் ஒரு மடக்கு குடித்துவிட்டு, "ஆனா இது உங்க வூட்டு மீனுபா," என்றாள்.

எங்கள் வீடு என்ன, உங்கள் வீடு என்ன என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பேசினால் தொண்டை எரியும். ஆனாலும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"எங்க வூட்ல மூணு நாள் எதுல வெக்கறது? ஏரியிலேர்ந்து வந்துச்சின்னா உடனே அடுப்புல ஏறிடும். மண்ணு வாடையோடதான். எனக்குக் கெளுத்தின்னா அந்த வாடைதான்பா."

அப்படியானால் கல்யாணமான நாளிலிருந்து ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எங்கப்பா போட்ட மீன நீ தட்டு ஓரமா ஒதுக்கி வெச்ச. அதுக்கப்பறம் இன்னாத்த சொல்றது?"

6

எனக்கு மறக்கவில்லை. அவளுக்கு மறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏனாத்தூர்க் கல்லூரியில் படிக்கும்போது பஸ்ஸில் ஆரம்பித்த பழக்கம் எங்களுடையது. நான் ஊர், அவள் காலனி. எங்கள் வீட்டில் யாரும் வராமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம், அம்மா வந்து பார்த்ததெல்லாம் ரொம்ப நாள் கழித்துத்தான். அடுத்த வாரம் அவள் அப்பா எங்களை வாலாஜாபாத் பக்கத்தில் இருந்த அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். சித்திரை மாதம், ஏரி வற்றியிருந்தது. ஏலம் எடுத்தவர் வலைபோட்டு அள்ளிக்கொண்டு போன பிறகு, மிச்சமிருக்கும் சேற்றில் கையைவிட்டுத் துழாவ மற்றவர்களுக்கு அனுமதி உண்டு. சேற்றுக்குள் தப்பிக் கிடப்பது கெளுத்திதான். என் மாமனார் விடியற்காலையிலிருந்து இடுப்பளவு சேற்றில் நின்று பிடித்திருக்கிறார். பரிமாறியபோது அவருடைய வலது கட்டைவிரல் வீங்கி, துணி சுற்றியிருந்தது. கெளுத்தி முள் குத்தியிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. இருந்ததிலேயே பெரிய துண்டுகளை என் தட்டில் வைத்தார்.

ஒரு வாய் வைத்தேன். சேறு மணத்தது. மீதியை ஓரமாக ஒதுக்கி, மேலே சோற்றைத் தள்ளி மறைத்து, வயிறு சரியில்லை என்றேன். மண் வாடை மட்டும்தான் காரணமா என்று இன்றைக்கு யாராவது கேட்டால் ஆமாம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவன் என்ற பெருமை எனக்கு அப்போது நிறைய இருந்தது. ஆனால் எங்கள் வீடு சொல்லிக்கொடுத்ததெல்லாம் என் மூக்கில் அப்படியே இருந்தது. மாமனார் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். எஸ்தர் தலையைத் தூக்கவில்லை.

அவர் போய் இரண்டு வருடமாகிறது. விசா முத்திரை இல்லாமல் போனால் திரும்பிவர முடியாது என்று எங்களை யாரும் போகவிடவில்லை. அடக்கத்தை எஸ்தர் போனில் பார்த்தாள். நான் பக்கத்தில் நின்று போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நான் அவருக்குச் செய்தது அவ்வளவுதான்.

7

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ராய் வீட்டுக்குப் போனேன். குளத்தின் கிழக்கு மூலையில் தண்ணீர் வற்றிச் சேறாக இருக்கும். அங்கே பிடிக்க வேண்டும் என்றேன். அந்த மூலை மீனை நாய்கூடத் தின்னாது என்றார் ராய். எனக்கு அதுதான் வேண்டும் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு தூண்டிலை எடுத்து நீட்டினார். தூண்டிலில் படவில்லை. முழங்கால் சேற்றில் இறங்கிக் கையால் துழாவினேன். மூன்றாவது மீனின் முள் கட்டைவிரலில் ஏறியது. தோள் வரைக்கும் சுள்ளென்று இழுத்தது. இந்த வலியோடா அந்த மனிதர் சிரித்த முகத்தோடு எனக்குப் பரிமாறினார் என்று அந்தச் சேற்றில் நின்றுகொண்டு அழுதேன்.

தொட்டி இல்லை, ஐஸ் இல்லை, ரத்தம் வடிக்கவில்லை, சிவப்பைச் சீவவில்லை. குடலை எடுத்து, ஒரு முறை அலசி, ஒரு மணி நேரத்துக்குள் புளியும் மிளகாயுமாகக் கொதிக்கவிட்டேன். வீடு முழுக்கச் சேற்று வாடை. தோழி வீட்டிலிருந்து திரும்பியிருந்த ரீனா சன்னலைத் திறக்கப் போனாள். எஸ்தர் வேண்டாம் என்று கையசைத்தாள். படுத்திருந்தவள் எழுந்து தானே நாற்காலிக்கு வந்தாள். என் கட்டைவிரல் துணியைப் பார்த்தாள், தொட்டாள்.

"இதான்பா," என்றாள் முதல் வாய்க்கு.

ஒரு துண்டு முழுதாகச் சாப்பிட்டாள். நான் கடவுளே கடவுளே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாவது துண்டில் தொண்டை அடைத்துக்கொண்டது. இருமினாள், மூச்சு திணறியது, சாப்பிட்ட அத்தனையும் வெளியே வந்துவிட்டது. அதில் ரத்தமும் இருந்தது. ரீனா ஓடிவந்து அம்மாவின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். நாக்கு கேட்டது, தொண்டை விடவில்லை. நான்கு நாள் முன்னால் என்றால் அந்தத் தொண்டையில் இந்த ஒரு கிண்ணம் இறங்கியிருக்குமோ என்னவோ. அந்த நான்கு நாளும் நான் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை தொண்ணூற்றொரு பவுண்டு. நர்ஸ் ஒப்புதல் படிவத்தைக் கொண்டுவந்து, போனில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா, ஹிந்தி இருக்கிறது என்றாள். வேண்டாம் என்று எஸ்தரே படித்து, எஸ்தரே கையெழுத்துப் போட்டாள். புதன்கிழமை குழாய் வைத்தார்கள்.

8

இப்போது ஒரு நாளைக்கு ஆறு டப்பா வெள்ளைப் பால் மாதிரி ஒன்றைக் குழாய் வழியாக விடுகிறேன். ருசி, மணம் எதுவும் கிடையாது. கதிர் முடிய இன்னும் எட்டு நாள் இருக்கிறது. அதற்குப் பிறகு தொண்டை திறக்கலாம், திறக்காமலும் போகலாம் என்கிறார்கள். எனக்குத் தைரியம் சொல்ல ஊரிலிருந்து நிறைய பேர் போன் செய்கிறார்கள். தைரியம் இல்லை. இருப்பதைச் சொல்கிறேன்.

போன சனிக்கிழமை எஸ்தர் ஒரு காகிதத்தில் கெளுத்தி என்று எழுதிக் காட்டினாள். எப்படிச் சாப்பிடுவாய் என்று கேட்டேன். வாயைக் காட்டிக் கையை விரித்தாள். பிறகு மூக்கைத் தொட்டுக் காட்டினாள்.

கிழக்கு மூலைக்குப் போய்ச் சேற்று மீன் கொண்டுவந்து, அன்றைக்கு வைத்த மாதிரியே குழம்பு வைத்தேன். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, தட்டில் சோறும் பெரிய துண்டுகளும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ரீனா கேட்காமலே ஒரு தட்டு எடுத்துவந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். எஸ்தர் கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். டப்பாவிலிருந்து பால் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து என் தட்டைப் பார்த்தாள். அந்த வாரத்தில் அவள் பேசிய ஒரே பேச்சு அதுதான்.

"ஓரத்துல எதுவும் வெக்காதபா."

வைக்கவில்லை. சேறு மணத்தது. வாய்க்கு வாய் மணத்தது. தலையையும் உறிஞ்சி, குழம்பை வழித்துச் சாப்பிட்டு முடித்தேன். அவள் கை நீட்டித் தட்டை வாங்கி, முள்ளை விரலால் ஒதுக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.